கரியில் கோளாறு, கறியில் தெரியும்

செங்கோட்டையில் ஆனி, ஆடி மாதம் கரி அடுப்பு பற்றவைக்கிறவனுக்கு இரண்டு தொல்லை. ஆரியங்காவு கணவாய் வழியாக வந்து விழுகிற மேல்காற்று ஒன்று. அந்தக் காற்றோடு ஒட்டிக்கொண்டு வருகிற சாரல் இன்னொன்று. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் இதைச் சீசன் என்பார்கள். கொல்லையில் கரி மூட்டை வைத்திருக்கிற நாங்கள் வேறு பெயர் சொல்லுவோம்.

என் அடுப்பு ஒரு டிரம். நெடுக்காக அறுத்து, ஒரு பாதியை மூடியாக்கிக் கீல் போட்டு, நாலு கால் வைத்து, மூடியில் ஒரு குழாய் பற்றவைத்து இங்கேயே ஒரு வெல்டிங் பட்டறையில் வாங்கியது. எங்கள் மச்சான் சவுதியில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அல்ஃபாம், அதாவது அரபு நாட்டு முறையில் கரியில் சுட்ட கோழி, இப்படித்தான் இருக்கும் என்று நாக்கில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். கறி கருகினாலும், கசந்தாலும், வேகாவிட்டாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: “மாப்ள, மசாலாவுல ஏதோ கொறையுது.”

மசாலாவில் ஒன்றும் குறையவில்லை. ஆறு வருஷம் இந்த டிரம்மோடு மல்லுக்கட்டியவன் சொல்கிறேன்: கோளாறு வந்தால் முதலில் காற்றைப் பாருங்கள், அடுத்து கரி, அதற்கப்புறம் கறி. மசாலாவுக்கு வருவதற்குள் பெரும்பாலும் காரணம் அகப்பட்டுவிடும். கீழே எல்லாம் அந்த வரிசைதான்.

கரி பற்றவே மாட்டேன் என்கிறது, பற்றினாலும் அணைகிறது

மூட்டையிலிருந்து இரண்டு கட்டியை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுங்கள். நல்ல கரி ஓட்டுச்சில்லு மாதிரி ‘கணீர்’ என்று பேசும். ஈரக்கரி ‘தொப்’ என்னும். உடைத்துப் பார்த்தால் உள்ளே பழுப்பாக, மர நார் தெரிந்தால் அது கரி சுடுகிற மூட்டத்தில் பாதி வெந்த கட்டை. பற்றும், ஆனால் மஞ்சளாகப் புகையும், கறியும் கசக்கும். அதைத் தனியே எடுத்து வெந்நீர் அடுப்புக்குக் கொடுத்துவிடுங்கள்.

கரி எடையில்தான் விற்கிறது. ஈரம் ஏறினால் எடையும் ஏறும். வாங்குகிற இடத்திலேயே தட்டிப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். தேங்காய் வாங்கும்போது தட்டுகிறோம், இதற்கென்ன. வீட்டுக்கு வந்தபின் சாக்கில் விடாமல் மூடி போட்ட தகர டின்னில் வையுங்கள். சாரல் நாளில் வெயிலுக்கு எங்கே போவது? நான் ஒவ்வொரு முறை சுட்டு முடித்ததும், அடுத்த தடவைக்கான கரியை ஆறிக்கொண்டிருக்கும் டிரம்மின் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, தட்டில் பரப்பி வைத்துவிடுவேன்.

கரி காய்ந்திருந்தும் அணைகிறதா? கீழே குனிந்து பாருங்கள். போன முறைச் சாம்பல், காற்று உள்ளே வருகிற அடித்துவாரத்தை அடைத்திருக்கும். இல்லையென்றால் மூட்டையின் அடியில் கிடந்த கரித்தூளையும் சேர்த்துக் கொட்டியிருப்பீர்கள். தூள் போய் இண்டு இடுக்கில் உட்கார்ந்தால் கங்குக்கு மூச்சு ஏது? பெரிய கட்டி அடியில், சின்னது மேலே. தூள் வேண்டவே வேண்டாம்.

மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால் முதல் ஈடு முழுக்க மண்ணெண்ணெய் வாசம்தான். அதற்குப் பதில் ஒரு 15 கிலோ எண்ணெய் டின்: மேலும் கீழும் திறந்து, அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கம்பி வலை கட்டி, வலைக்குக் கீழே சுற்றிலும் ஆணியால் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டால் தீர்ந்தது. முதல் தடவை காலியாக ஒருமுறை நன்றாக எரித்துவிடுங்கள். பிறகு வலைக்கு மேல் கரி, கீழே காய்ந்த தென்னம்பாளைத் துண்டும் சமையல் எண்ணெயில் முக்கிய இரண்டு தாள் செய்தித்தாளும். 15 முதல் 20 நிமிடத்தில் மேல் கரியின் ஓரத்தில் சாம்பல் பூக்கும். அப்போது கொட்டலாம். நாகமுலாம் பூசிய வாளி, தகடு எதையும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். சூட்டில் துத்தநாகம் ஆவியாகி வரும், அந்தப் புகை ஆகாது.

எந்தக் கரி நல்லது என்று கேட்பார்கள். ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வரும் சீமைக்கருவேலங்கரி எங்கும் கிடைக்கிறது, கெட்டியாக நின்று எரியும். டெக்சாஸ்காரர்கள் பெருமையாகச் சொல்லும் மெஸ்கீட் மரம் இதற்கு நெருங்கிய சொந்தம். நாம் வேலிக்காத்தான் என்று திட்டுகிற மரத்தின் வீட்டார்தான் அங்கே விருந்தாளி. கொல்லர்கள் தேடும் புளியங்கரி கிடைத்தால் விடாதீர்கள். சிரட்டைக்கரி சட்டென்று பிடிக்கும், சூடும் அதிகம், ஆனால் மெல்லியது. மீனுக்கும் கோழித் துண்டுக்கும் சரி, நாலு மணி நேர வேலைக்கு அது மட்டும் போதாது.

சூடு அடங்காமல் ஏறிக்கொண்டே போகிறது

காற்று. வேறு எதையும் யோசிக்காதீர்கள். மேல்காற்று நாளில் அடித்துவாரம் மேற்கே பார்த்து இருந்தால் அது துருத்தி வைத்த உலைதான். டிரம்மைத் திருப்பித் துவாரம் கிழக்கே பார்க்க வையுங்கள்.

சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் கீழ்த் துவாரத்தின் வேலை. மேல் குழாயைக் கொஞ்சமும் மூடக்கூடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கசப்பு வரும்போது சொல்கிறேன். 120 டிகிரி செல்சியஸ் வேண்டுமென்றால் 100 வரும்போதே கீழ்த் துவாரத்தை ஒடுக்கத் தொடங்க வேண்டும். 150-ஐத் தொட்ட பிறகு ஒடுக்கினால் இறங்குவதற்கு அரை மணி நேரம் காத்துக்கிடக்க வேண்டியதுதான். கரி ஓடுகிற லாரி மாதிரி, பிரேக் போட்ட இடத்தில் நிற்காது.

துவாரத்தை முழுக்க மூடியும் சூடு இறங்கவில்லையா? எங்கோ கசிகிறது. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி மூடியின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராகப் போகும், போகும், ஓரிடத்தில் சடக்கென்று உள்ளே இழுபடும். என் டிரம்மில் அது இடது கீலுக்குக் கீழே, விரல் நுழையாத ஒரு இடுக்கு. பிரியாணிக்குத் தம் போடுகிற மாதிரி கோதுமை மாவைப் பிசைந்து அப்பினேன். அன்றைக்குத்தான் முதல் முறையாக மூடியிலுள்ள தெர்மாமீட்டர் முள் 120-லேயே ஒரு மணி நேரம் நின்றது. மாவு கடைசியில் சப்பாத்திக் கரியாக உதிர்ந்துவிடும், அடுத்த முறை புதிதாக அப்ப வேண்டும்.

மூடியில் இருக்கிற வட்டமான முள்ளை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது சொல்வது மூடிக்கு அடியில் உள்ள காற்றின் சூடு, கறி கிடக்கிற வலையின் சூடு இல்லை. ஊசி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் பாருங்கள், 99, 100 என்று காட்டினால் நம்பலாம்.

வெளியே கரிக்கட்டை, உள்ளே பச்சை ரத்தம்

கடையில் நீளமான அடுப்பு முழுக்கக் கங்கு பரப்பிச் சுடுவதைப் பார்த்து நாமும் பரப்புகிறோம். அங்கே ஒருவர் நின்று நிமிடத்துக்கு நாலு தரம் புரட்டிக்கொண்டே இருக்கிறார், கம்பியை ஏற்றி இறக்குகிறார். நாம் பேசிக்கொண்டே சுடுகிறவர்கள்.

டிரம்மில் ஒரு பக்கம் மட்டும் கங்கு, மறுபக்கம் காலி. கோழித் தொடையை முதலில் காலிப் பக்கம் வைத்து மூடுங்கள். மேல் குழாய் கறி இருக்கும் பக்கம் வரவேண்டும், அப்போதுதான் அனல் கறியைத் தடவிக்கொண்டு வெளியேறும். உள்சூடு 65-ஐத் தாண்டியதும் கங்குப் பக்கம் நகர்த்தி, நின்று, புரட்டிப் புரட்டி நிறம் ஏற்றுங்கள். கோழிக்கு முடிவு 74 டிகிரி, தொடையின் தடித்த இடத்தில், ஊசி எலும்பைத் தொடாமல்.

தெர்மாமீட்டர் வராத வரைக்கும் வலையின் அனலுக்குக் கையே அளவு. வலைக்கு ஒரு நாலைந்து விரற்கடை மேலே உள்ளங்கையைக் காட்டி எண்ணுங்கள். இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் கை தானாக விலகினால் நிறம் ஏற்றுகிற அனல். ஐந்து வரை தாங்கினால் நடுத்தரம். எட்டு, பத்து என்றால் வேக வைக்கிற இளஞ்சூடு.

கொழுப்பு சொட்டித் தீப்பிடித்தால் உடனே தண்ணீர் தெளிக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. சாம்பல் கிளம்பிக் கறி மேல் அப்பும், ஆவி கையைச் சுடும். கறியைக் காலிப் பக்கம் தள்ளி மூடியைச் சாத்துங்கள், போதும். தேன், சர்க்கரை, தக்காளி சாஸ் சேர்ந்த பூச்சுகளைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்னாலேயே தடவினால் சர்க்கரைதான் முதலில் கருகும்.

கசக்கிறது, தொண்டையில் கரகரக்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். நானும் ஒரு பக்ரீத் அன்று ஆறு கிலோ கறியை இப்படித்தான் பாழாக்கினேன். புகை நிறைய வந்தால் வாசம் நிறைய ஏறும் என்று நினைத்து மேல் குழாயில் ஒரு செங்கல் துண்டை வைத்து அடைத்தேன். வெளியே எடுத்தபோது கறி கருஞ்சிவப்பாக, பார்வைக்கு ராஜா மாதிரி இருந்தது. மச்சான் ஒரு துண்டை வாயில் போட்டு, மென்று, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் நாக்கை வழித்துக்கொண்டு, “மாப்ள, மெளகு ஜாஸ்தியோ?” என்றார். மிளகு இல்லை. குழாயின் உள்பக்கம் விரலை விட்டுப் பார்த்தேன்: கறுப்பாக, பிசின் போல ஒட்டியது. அதேதான் கறி மேலும் படிந்திருந்தது.

வாசத்துக்காகக் கங்கின் மேல் போடுகிற கட்டை மூச்சு முட்டி எரிந்தால் வெள்ளையாக, பஞ்சு மூட்டை மாதிரி புகை வரும். அதில் எரியாத தார் இருக்கிறது. காற்று தாராளமாகக் கிடைத்துக் கட்டை சூடாக எரிந்தால் புகை மெலிந்து, நீலம் பாய்ந்து, சில கோணத்தில் கண்ணுக்கே தெரியாது. மரத்தில் உள்ள லிக்னின் அந்தச் சூட்டில் உடைந்து தருவதுதான் நாம் தேடுகிற வாசம். ஆகவே பார்க்க வேண்டியது புகையின் நிறம். வெள்ளைப் புகை அடங்குகிற வரை கறியை உள்ளே வைக்காதீர்கள். குழாய் திறந்தே இருக்கட்டும்.

கட்டையை ஊறவைக்கச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். தண்ணீர் மரத்துக்குள் அதிகம் இறங்காது. மேல் ஈரம் ஆவியாகிப் போகிறவரை கட்டை புழுங்கிக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான். சாரல் ஊரில் ஊறவைக்க வேறு வேண்டுமா? ஆறு மாதமாவது நிழலில் காய்ந்த கட்டை, கை முட்டி அளவில் இரண்டு மூன்று துண்டு, நன்றாகக் கனிந்த கங்கின் மேல். ஒரு கோழிக்கு அது தாராளம்.

மரம் எது? கொய்யா எனக்கு முதல் இடம், மென்மையான வாசம். மா, புளி இரண்டும் சரி. சீமைக்கருவேலங்கட்டை காரமான புகை, மாட்டுக்கறிக்கு ஒரு துண்டு போதும். பூஞ்சை பிடித்த கட்டை வேண்டாம். தேங்காய்க் கதம்பையைப் போட்டால் கொசுதான் ஓடும், கறி கசக்கும். அரளி, எட்டி, சேராங்கொட்டை மரங்களைத் தொடவே தொடாதீர்கள். கறி குத்துகிற குச்சியாகக்கூட அரளி கூடாது, அது விஷம். கொல்லம் பக்கத்திலிருந்து வருகிற முந்திரிக்கொட்டைத் தோடு மலிவாகக் கிடைக்கும், அதன் எண்ணெய் தோலைப் பொத்துப்போக வைக்கும், புகையும் எரிச்சல். மரக்கடையில் கிடைக்கும் ரப்பர் மரத் துண்டிலும் கவனம்: புழு அரிக்காமல் இருக்கப் போராக்ஸ், போரிக் அமிலத்தில் முக்கி எடுத்திருப்பார்கள். பெயின்ட் அடித்தது, பிளைவுட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

புகை வாசமே ஏறவில்லை

கறியைத் துடைத்துக் காயவைத்து, வெளியே வெகுநேரம் வைத்துச் சூடேறிய பிறகு போட்டிருப்பீர்கள். புகை ஈரமான, குளிர்ந்த மேற்பரப்பில்தான் நன்றாக ஒட்டும். ஃபிரிட்ஜிலிருந்து நேராக வையுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் ஏறுவதுதான் பெரும்பகுதி வாசம்.

கோழித் தோல் ரப்பர் மாதிரி இழுக்கிறது

110 டிகிரியில் தோலோடு கோழியை வைத்தால் அப்படித்தான். தோலில் உள்ள கொழுப்பு உருகி முறுகுவதற்கு அந்தச் சூடு போதாது. கோழிக்கு 160 முதல் 180 வரை ஏற்றுங்கள். இல்லையென்றால் கறிக்கடையிலேயே உரித்துத் தரச் சொல்லிவிடுங்கள், நம் மசாலாவும் அப்போதுதான் உள்ளே இறங்கும்.

ஆட்டுத்தொடை செருப்பாகிவிட்டது, அல்லது 70-லேயே நின்றுவிட்டது

இரண்டும் ஒரே கதைதான். ஆட்டின் முன்னங்காலும் தொடையும் நாள் முழுக்க மேய்ந்து நடந்த தசை, நார் அதிகம். கோழிக்குச் சொன்ன 74-ல் எடுத்தால் வெந்திருக்கும், தின்ன ஆபத்தும் இல்லை, ஆனால் மெல்ல முடியாது. அந்த நாரில் உள்ள கொல்லாஜன் இளகிப் பசையாக வேண்டும் என்றால் உள்சூடு 90-ஐத் தாண்டி, அங்கே கொஞ்ச நேரம் நிற்கவும் வேண்டும். 120 டிகிரி டிரம்மில் இரண்டு கிலோ முன்னங்காலுக்கு நாலு மணி நேரத்துக்குக் குறையாது. பொறுமை இல்லாதவர்கள் சாப்ஸ் வாங்கிக் கங்குப் பக்கம் வைத்துப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்வதே மேல்.

நடுவில் ஒரு சோதனை வரும். ஊசி 65, 68, 70 என்று ஏறி, அங்கேயே உட்கார்ந்துவிடும். அரை மணி, ஒரு மணி, அசையாது. முதல் தடவை நான் தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சு என்று பேட்டரியை மாற்றினேன். பிறகு பதறிப்போய்க் கரியை அள்ளிப் போட்டு எல்லாவற்றையும் தீய்த்தேன். நடப்பது என்னவென்றால், மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே சங்கதி. பானை கசிந்து, ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறதே, கறியும் அப்படியே வியர்க்கிறது. நாம் கொடுக்கிற சூடும் வியர்வை கொண்டுபோகிற சூடும் சரிக்குச் சரியாக நிற்கிறவரை எண் நகராது.

வியர்வையை நிறுத்தினால் நகரும். அலுமினிய ஃபாயில் பேப்பரில் சுற்றுவார்கள். எனக்கு வாழையிலைதான் பிடிக்கும். நடுநரம்பைச் சீவிவிட்டு, கங்குக்கு மேல் இரண்டு பக்கமும் காட்டினால் பச்சை இருண்டு, எண்ணெய் தடவினதுபோல மினுங்கி, துணி மாதிரி வளையும். இரண்டு மூன்று அடுக்கு வைத்து, கறியை நடுவில் வைத்து மடித்து, வாழைநாரால் கட்டிக் காலிப் பக்கம் வைத்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் எண் மறுபடி ஏறத் தொடங்கும். 92, 93-ல் ஊசியைக் குத்தினால் வெண்ணெயில் இறங்கினது போல இருக்க வேண்டும். எடுத்து, இலையோடே அரை மணி நேரம் ஆறப்போடுங்கள். மச்சான் கத்தியைத் தூக்குவார். விடாதீர்கள்.

கறி மாவு மாவாக உதிர்கிறது

பப்பாளிக்காய். ராத்திரி முழுக்க ஊறவைத்திருப்பீர்கள். அதிலுள்ள பப்பெய்ன் மேல்பகுதியை அரைத்தே விடும். ஒரு மணி நேரம் போதும். தயிர் என்றால் ராத்திரி முழுக்க இருக்கலாம். எலுமிச்சை கடைசியில். உப்பு மட்டும் முதல் நாளே: கிலோவுக்கு 12 முதல் 15 கிராம் தடவி ஃபிரிட்ஜில் வைத்தால் உள்ளே இறங்கி ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

எலும்போரம் சிவப்பாக இருக்கிறது, வேகவில்லையோ

வெந்திருக்கலாம். பிராய்லர் கோழி ஆறேழு வாரக் குஞ்சு, எலும்பு முற்றியிருக்காது. மஜ்ஜையிலுள்ள நிறம் கசிந்து சுற்றியுள்ள சதையில் ஏறும். புகையிலுள்ள வாயுக்களும் சதையின் நிறப்பொருளோடு சேர்ந்து ஓரத்தில் இளஞ்சிவப்பைக் கட்டிவிடும். அது போகாத நிறம். கண்ணை நம்பாமல் ஊசியை நம்புங்கள்: 74 காட்டினால் பரிமாறலாம். காட்டவில்லையென்றால், நிறம் எவ்வளவு அழகாக வெளுத்திருந்தாலும் திரும்ப உள்ளே போகட்டும்.

சுடுகிறவருக்குத் தலை வலிக்கிறது

இதை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். போன ஆடியில் திடீரென்று சாரல் வலுத்தது. டிரம்மை அப்படியே கார் ஷெட்டுக்குள் உருட்டி, ஷட்டரைப் பாதி இறக்கினோம். கால் மணி நேரம் இருக்கும். மச்சானுக்கு நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண் என்று தெறித்தது, வாந்தி வருகிறது என்றார். பசி என்று நினைத்தோம். மைனி வந்து எட்டிப் பார்த்து, “கோட்டி புடிச்சிருக்கா ரெண்டு பேருக்கும், வெளிய வாங்க” என்று சத்தம் போட்டாள். வெளியே வந்து காற்று வாங்கினதும் தெளிந்தது.

கரி கனியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை, புகை அடங்கின கங்கிலும் வந்துகொண்டே இருக்கும். ஆளைக் கொல்லும். மழை வந்தால் கறியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்த் தோசைக்கல்லில் முடியுங்கள், அடுப்பு வெளியே நனையட்டும். அதற்குப் பிறகு நான் முற்றத்தில் நாலு கம்பு நட்டு, தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் ஒரு தகரம் போட்டேன். நாலு பக்கமும் திறப்பு.

ஒவ்வொரு முறையும் ஒரு மூட்டை கரி தீர்கிறது

சுட்டு முடித்ததும் மூடியைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறீர்கள். மிச்சக் கங்கு ராத்திரி முழுக்க யாருக்கோ எரிகிறது. கறியை எடுத்த கையோடு மூடி, கீழ்த் துவாரம், அப்போது மட்டும் மேல் குழாய், மூன்றையும் அடைத்துவிட்டால் மறுநாள் பாதிக் கரி மிஞ்சும். சாம்பலை உதறி அடுத்த தடவைக்குப் போட்டுக்கொள்ளலாம், புதுக்கரியைவிடச் சீக்கிரம் பற்றும்.

சாம்பலை அள்ளுவதற்கு முழுசாக ஒரு நாள் விடுங்கள். அள்ளினால் தகர வாளியில். எங்கள் வீட்டில் அம்மா பத்துப் பாத்திரம் தேய்க்கச் சாம்பல் கேட்டாள் என்று, மறுநாள் காலையிலேயே நீல பிளாஸ்டிக் வாளியில் அள்ளி வைத்தேன். மத்தியானம் வாளியைத் தூக்கினால் அடிப்பாகம் திண்ணையிலேயே இருந்தது.